மாற்றுக் கண்ணி

ஓடையைத் தாண்டிய ஈர டயர்கள் செம்மண்ணைப் பற்றிக்கொண்டு நாலு முறை சுழல்வதற்குள் ஏற்றம் தொடங்கிவிட்டது. இனி ஒன்பது கிலோமீட்டருக்கு இறக்கம் என்ற பேச்சே இல்லை, உச்சியில் நீலத் தார்ப்பாயின் கீழ் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தேவசகாயம் மூன்று மணி அடித்ததும் குறிப்பேட்டை மூடிவிடுவான், இப்போது ஒன்று நாற்பது. எண்பது நிமிடம். ஏகாம்பரம் கியரை ஒரு படி இளக்கினார், சங்கிலி பெரிய பற்சக்கரத்துக்கு ஏறும்போது எழுந்த அந்தச் சிறிய முனகலை வழக்கம்போல் உற்றுக் கேட்டார், அறுந்துவிடவில்லை. காலை ஆறு மணிக்கு ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் தொடங்கிய பன்னிரண்டு மணி நேரப் போட்டியில் இது மூன்றாம் சுற்று, கடைசிச் சுற்று. முதல் இரண்டு சுற்றுகளிலும் உச்சியைக் கடந்தபோது தேவசகாயம் தலையை நிமிர்த்தாமல் நூற்றுப் பதினேழு என்று அவருடைய எண்ணை மட்டும் எழுதிக்கொண்டான். மூன்றாம் சுற்றில்தான் நிறுத்துவான், நிறுத்தி, ஓட்டுகிறவர்கள் கட்டாயம் கொண்டுவர வேண்டிய ஐந்து பொருள்களில் ஏதேனும் ஒன்றைக் காட்டச் சொல்வான், அது விதி, காட்டாதவருக்கு அரை மணி நேரம் தண்டனை. மாற்று ட்யூப், கைப்பம்பு, கட்டுத்துணி, விசில், சங்கிலிக்கான மாற்றுக் கண்ணி. இந்த ஐந்தில் நான்கு சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் இருந்தன. ஐந்தாவது, கட்டைவிரல் நகத்தளவு இரும்பு, இரண்டு பாதிகளைக் கோத்தால் அறுந்த சங்கிலி மறுபடி ஒன்றாகிவிடும், லிங்க் என்று எல்லோரும் சொல்வது, அது மட்டும் இன்று அவருடைய மார்புப் பையில் இருந்தது, நெஞ்சு அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் அது துணிக்குள் ஒரு பல்லியைப் போல அசைவதாகப் பட்டது. அதைத்தான் இன்று மேசைமேல் வைக்கப் போகிறார். அவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வைக்கப் போகிறார். வைத்துவிட்டு என்ன சொல்வது என்பதற்குத்தான் இந்த எண்பது நிமிடம், இப்போது எழுபத்தெட்டு.

உண்ணிச்செடியின் வாடை, வெயிலில் காய்ந்த சாணத்தின் வாடை, தம் வாயிலிருந்தே வரும் துரு வாடை. இடது தொடையில் ஒரு நரம்பு தன் பாட்டுக்குத் துடித்தது. நாடி நூற்று ஐம்பத்தெட்டு என்று மணிக்கட்டில் ஓர் எண் மின்னியது. அறுபது வயதில் இந்த எண்ணில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அந்த நேரம் காலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது. எதற்காக இதெல்லாம் என்று மனைவி கேட்பாள், ஐம்பத்து நான்காவது வயதில் முதன்முதலாக மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கி வீட்டு நடையில் நிறுத்திய அன்றும் கேட்டாள், அன்று அவர் தம் எல்லை எது என்று பார்க்க வேண்டும் என்றார். முப்பத்தோரு வருடம் மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னதைத் தட்டச்சு செய்த மனிதருக்கு அப்படி ஓர் ஆசை வந்தது வேடிக்கைதான்; அடுத்தவன் என்ன பார்த்தான், எங்கே நின்றான், வெளிச்சம் எப்படி இருந்தது என்று விரல் நோக அடித்துக்கொண்டே இருந்தவருக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்பது கடைசிவரை தெரியாமல் போய்விடுமோ என்று ஒரு பயம். பார்த்தார். இரண்டு வருடம் விடிகாலைகளில் ஏறி ஏறி, வாந்தியெடுத்து, தோளெலும்பு பிசகி, ஒன்பது கிலோ எடை இழந்து, எல்லை தொடையிலோ நுரையீரலிலோ இருக்கும் என்று தேடியவருக்கு அது பிளந்த பாறைக்குப் பக்கத்தில், உச்சிக்கு மூன்று கிலோமீட்டர் கீழே, ஓர் ஒற்றைச் சொல்லில் அகப்பட்டது. நல்ல தெளிவாக அகப்பட்டது. யாரும் இவ்வளவு துல்லியமாகத் தம் எல்லையைக் கண்டிருக்க மாட்டார்கள், வேண்டுமானால் அட்சரேகையோடு குறித்துக் கொடுக்கலாம்.

சரளை. முன்சக்கரம் நழுவி, திரும்பப் பிடித்தது. நிதானம். சாட்சி நிதானமாகச் சொல்லட்டும் என்பார் நீதிபதி. சரி, நிதானமாக. நான்கு வருடத்துக்கு முன்பு, இதே போட்டி, இதே மூன்றாம் சுற்று. தேவசகாயமும் அவரும் சேர்ந்தே பழகியவர்கள், சேர்ந்தே வந்தவர்கள். அவன் ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறவன், அவரைவிட எட்டு வயது இளையவன், இரும்பைத் தொட்டே அதன் குணம் சொல்லுகிறவன், ஆனால் அன்று காலை முதல் சுற்றிலேயே அவன் சங்கிலி அறுந்தது. கூட நின்று இரு முனைகளையும் பிடித்துக்கொடுத்தவர் ஏகாம்பரம்தான். அவன் தன் லிங்க்கைப் போட்டுக் கோத்தான், கையைத் துடைத்தான், இனி என்கிட்ட ஒண்ணும் இல்ல சார், மாதாவே கதி என்று சிரித்தான். மூன்றாம் சுற்றில் அவர் முன்னால் போய்விட்டிருந்தார், பிளந்த பாறையருகே தண்ணீர் குடிக்க நின்றார், அவன் பின்னால் வந்து சேர்ந்த அதே இடத்தில் மறுபடியும் அந்தச் சத்தம், விரலைச் சொடுக்கியதைப்போல. அவன் தரையில் உட்கார்ந்தபடியே, அறுந்த சங்கிலி மடியில் கிடக்க, அண்ணாந்து பார்த்துக் கேட்டான். "சார், உங்க லிங்க் இருக்குதா?" இருந்தது. சீட்டுக்கடியில், கையெட்டும் தூரத்தில். கொடுத்துவிட்டால் உச்சியில் அதைக் காட்டச் சொன்னால் அரை மணி போய்விடும், அரை மணி போனால் ஆறு மணிக்குள் முடிக்க முடியாது, முடிக்கும் தூரத்துக்கு அவர் வாழ்க்கையில் முதல்முறையாக வந்திருந்தார். இவ்வளவும் ஒரு விநாடிக்குள் கணக்காகிவிட்டது, தட்டச்சு வேகத்தைவிட வேகமாக. "இல்லப்பா," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எனக்கும் ரெண்டாவது ரவுண்டுல அறுந்துபோச்சு, போட்டுட்டேன்," என்றார். பொய் சொல்கிற சாட்சி எப்போதும் கேட்காத விவரத்தைச் சேர்ப்பான், அந்த விவரம் வரும்போது அவருடைய விரல்களுக்கு முன்பே தெரிந்துவிடும், தட்டச்சு விசைகள் சற்றே கனக்கும். அன்று நாக்கு கனக்கவில்லை. "சரி சார், நீங்க கிளம்புங்க, நான் அப்படியே உருட்டிக்கினு கீழ போறேன்," என்றான் அவன். அவர் கிளம்பினார்.

சங்கிலி இல்லாத சைக்கிளில் இறங்கக் கூடாது. பிரேக் பிடிக்கும், ஆனால் மிதிகள் எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுழலும், எழுந்து நின்றால் பாரம் விழுந்த பக்கம் திடீரென்று காலுக்கடியில் தரை விலகியதைப்போல் இறங்கிவிடும். அது அவனுக்கும் தெரியும். நடந்தே போயிருக்கலாம். நடந்துதான் போவான் என்று ஏகாம்பரம் நினைத்தார், நினைத்தாரா, நினைத்ததாகப் பிறகு நினைத்துக்கொண்டாரா. மூன்றாவது வளைவில் கால் வழுக்கிப் பாறைகளுக்கு நடுவே விழுந்து, இடுப்பு மூட்டு உடைந்து, நெல்லிக்காய் பொறுக்கப் போன பெண்கள் பார்க்கும்வரை ஒன்றரை மணி நேரம் கிடந்தான். ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்ற இடத்துக்கு வந்ததும் ஏகாம்பரத்தின் நினைவு ஒரு கியர் விட்டுக் குதித்தது, குதித்து ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் போய்விட்டது, அங்கே ஆரஞ்சுப் பழங்கள், அவனுடைய மனைவி பிலோமினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கண்ணா என்றது, அவர் கழுத்தில் போட்டி முடித்தவர்களுக்குத் தரும் பதக்கம் இல்லை, வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனார், அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர். இப்போது அவனுக்கு ஒரு கால் ஓர் அங்குலம் குட்டை. லேத் முன்னால் நிற்க முடியாது. பட்டறையில் உட்கார்ந்து அளவு பார்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். சைக்கிளைத் தொடுவதில்லை, ஆனால் போட்டியை விடமாட்டேன் என்று உச்சி மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டான், இது மூன்றாவது வருடம்.

ஐந்தாவது கிலோமீட்டர்க் கல். இரண்டு இருபத்தொன்று. இந்த வேகத்தில் போனால் இரண்டு ஐம்பத்தைந்து, ஒரு முறை காலைத் தரையில் ஊன்றினாலும் கூடச் சொல்ல முடியாது. அன்று நடந்ததைப் பற்றிய கதை மட்டும் அவருக்கு முன்னால் ஏறிப்போய்விட்டது, அதற்கு மூச்சு வாங்குவதில்லை. அவர் கேட்டவரை ஐந்து விதம். அடிவாரக் கடையில் டீ ஆற்றுகிறவர் சொல்வதில் ஏகாம்பரம் தேவசகாயத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் இறங்குகிறார். ஓட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் உலவுவதில் தம்முடைய தண்ணீரை முழுவதும் கொடுத்துவிட்டு நாக்கு வறள உச்சிக்குப் போகிறார். ஜீப் ஓட்டுகிற தன்னார்வலன் சொல்வதில் உதவியை அழைக்கத்தான் அவர் அவ்வளவு வேகமாக ஏறினார், போட்டியை முடித்தது தற்செயல். அவருடைய மனைவி உறவினர்களிடம் சொல்வதில் இவர் இறங்காதே இறங்காதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டார், அவன்தான் கேட்கவில்லை. இந்த நான்கையும் அவரால் தள்ளிவிட முடிந்தது, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் எந்தத் துண்டு எங்கிருந்து வந்து ஒட்டியது என்று சொல்லிவிடலாம், தண்ணீர் வேறொரு வருடத்துச் சங்கதி, தோள் யாரோ ஒரு காவலருடையது. ஐந்தாவதுதான் தொண்டையில் நிற்கிறது, ஏனென்றால் அதைச் சொல்வது தேவசகாயமே. ஒவ்வொரு வருடமும் உச்சியில், புதிதாக வந்தவர்கள் தண்ணீர் குடிக்க நிற்கும்போது, அவனே தொடங்குவான். சார்கிட்ட லிங்க் இருந்திருந்தா கழட்டிக் குடுத்திருப்பார், இல்ல, இல்லாததுனால என்ன பண்ணினார் தெரியுமா, தன் வண்டியையே என் கையில குடுத்தார், நீ போய் முடிப்பா, நான் நடந்து வர்றேன்னார், நான்தான் வேணாம்னுட்டேன். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவேயில்லை. அது எங்கிருந்து வந்தது? வலியில் கண்ட கனவா, மருந்து மயக்கத்தில் முளைத்ததா? எத்தனையோ இரவல்களுக்கு மூலம் கண்டுபிடித்தவருக்கு இதன் மூலம் மட்டும் பிடிபடவில்லை. இரண்டு வருடமும் அவர் அந்த மேசைக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்தபடி நின்று இதைக் கேட்டார், தலையாட்டினாரா என்று நினைவில்லை, மறுக்கவில்லை என்பது நினைவிருக்கிறது. இரண்டு வருடமும் கதை முடிந்ததும் அவன் இதையே கேட்டான்: விசிலைக் காட்டுங்க சார். லிங்க்கைக் கேட்டதே இல்லை. மற்றவர்களிடமெல்லாம் ட்யூப், பம்பு, லிங்க் என்று மாற்றி மாற்றிக் கேட்கிறவன் தம்மிடம் மட்டும் விசிலோடு விட்டுவிடுவதை அவனுடைய களங்கமின்மை என்று எடுத்துக்கொண்டார்.

வளைவைத் திரும்பியதும் பாதைக்குக் குறுக்கே ஒரு சைக்கிள் கிடந்தது, பக்கத்தில் முப்பது வயதிருக்கும் ஒருவன் கெண்டைக்காலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எண் இருநூற்று நான்கு. "சார், கிராம்ப்பு சார், உயிர் போவுது. உப்பு மாத்திரை ஏதாச்சும் இருக்கா?" ஏகாம்பரம் நிறுத்தினார். காலை ஊன்றக் கூடாது என்று இப்போதுதான் கணக்குப் போட்டிருந்தார், ஊன்றினார், பையிலிருந்த மாத்திரை அட்டையை முழுவதுமாக எடுத்து நீட்டினார், தண்ணீரையும் நீட்டினார். "ரெண்டு போதும் சார்." "எல்லாத்தையும் வச்சுக்கோ." "அப்ப உங்களுக்கு?" "வச்சுக்கோன்னு சொன்னேனே." குரல் அதட்டலாக வந்தது. அவன் நிமிர்ந்து அவருடைய சட்டை எண்ணைப் பார்த்தான். "நூத்திப் பதினேழு... அட, நீங்களா சார் அந்த ஏகாம்பரம்? வண்டியையே குடுக்க வந்தவரு? மேல அண்ணன் ரெண்டாவது ரவுண்டுல சொன்னாரு சார், பலா மரத்தடியில செயின் அறுந்து..." "பலா மரம் இல்லை," என்றார் ஏகாம்பரம், "பிளந்த பாறை. பலா மரம் இன்னும் அரை கிலோமீட்டர் கீழே." "ஓ, சரி சார். எங்க ஆபீஸ்ல என் டீம்ல ஒருத்தன் சார்ஜர் கூடத் தர மாட்டான் சார். உங்களை மாதிரி..." அவர் மிதியில் காலை வைத்து அழுத்திவிட்டார். பலா மரம் இல்லை, பிளந்த பாறை. இதைத்தான் திருத்தினார். ஒரு முழுப் பொய்யில் ஒரு மரத்தைப் பிடுங்கிவிட்டு ஒரு பாறையை நட்டுவைத்தார், வாக்குமூலத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் இடுகிற கவனத்தோடு. கொடுத்த மாத்திரைகளை நினைத்து நெஞ்சில் ஓர் இதம் பரவ முயன்றது, அதையும் அவர் அடையாளம் கண்டுகொண்டார், அது இதமில்லை, பேரம். ஒன்றரை நிமிடம் போயிற்று.

பிளந்த பாறை. யாரோ நடுவில் கையை விட்டு விலக்கியதைப்போல இரண்டாகப் பிரிந்து நிற்கும், நடுவே ஓர் அத்திச்செடி. இங்கேதான் அவன் உட்கார்ந்திருந்தான், இங்கேதான் தம் சக்கரம் நின்றிருந்தது. பார்க்காமல் கடந்துவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பார், கழுத்து தானாகத் திரும்பும். இனி மூன்று கிலோமீட்டர், இருபத்தாறு நிமிடம். மார்புப் பையைத் தொட்டுப் பார்த்தார், இருக்கிறது. அதன்மேல் இரண்டு புள்ளிகள். ஒவ்வொரு வருடமும் புறப்படுமுன் பொருள்களைத் தரையில் விரித்த பாயில் பரப்பிவைக்க வேண்டும், பரிசோதிக்கிறவர் ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பார், வருடத்துக்கு ஒரு நிறம், இன்னொருவனுடையதை இரவல் வாங்கிக் காட்டிவிடக் கூடாதென்று. இந்த வருடம் மஞ்சள், புள்ளி வைத்தது கண்ணாடி போட்ட கல்லூரிப் பெண். சார், இதுல ஏற்கெனவே ஏதோ ஊதாக் கலர் இருக்கே, என்றாள். பழசும்மா, என்றார். நான்கு வருடத்துக்கு முன்பு ஊதா. அன்று பாயில் மண்டியிட்டுப் புள்ளி வைத்தவள் பிலோமினாதான், அண்ணா கொஞ்சம் கையை எடுங்க, பூச்சு காயட்டும், என்று சொல்லி அவருடையதற்கும் தன் கணவனுடையதற்கும் ஒரே குச்சியால் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். அவன் போட்ட ஊதாப் புள்ளி அவன் சங்கிலியோடு போயிற்று. அவருடைய ஊதாப் புள்ளி அவரிடமே இருக்கிறது, உபயோகிக்கவும் இல்லை, எறியவும் இல்லை, இடைப்பட்ட போட்டிகளுக்கு வேறொன்றை எடுத்துவந்தார், சான்றுப் பொருளை அழிப்பது குற்றம் என்று பழகிய கை. இதை வைத்தால் போதும், சொல்லவே வேண்டாம், அவன் பார்த்தால் புரிந்துகொள்வான். கொடுக்கவில்லை என்பது புரிந்துவிடும். அப்புறம் அவன் திட்டட்டும், துப்பட்டும், கதையை மாற்றிச் சொல்லட்டும். எல்லாம் முடிந்துவிடும். எல்லாமா? நாடி நூற்று அறுபத்து மூன்று. எங்கோ கீழே, மிகக் கீழே, ஓர் இறங்குகிறவன் வழி கேட்டு இரண்டு முறை விசில் ஊதினான், ஏகாம்பரம் எண்ணினார்.

இரண்டு. இரண்டு என்றால் வழி விடு. மூன்று என்றால் ஆபத்து, கேட்டவர் யாராக இருந்தாலும் திரும்ப வேண்டும், இதுவும் விதி, பாயில் பொருள்களைப் பரப்பும்போதே உரக்கப் படித்துக் காட்டுகிறார்கள். அன்று பிளந்த பாறையைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் ஏறியிருப்பார், இதோ இந்தச் சாமை வயலோரம் வந்திருப்பார், கீழிருந்து அது வந்தது. ஒன்று. மூச்சை இழுத்தார். இரண்டு. அதற்கப்புறம் அவர் பெரிய மூச்சாக வாங்கினார், வேண்டிய அளவுக்கு மேலே பெரிதாக, கூடவே கியரையும் மாற்றினார், சங்கிலி கடகடத்தது, அந்த இரைச்சல் அடங்கியபோது மலை அமைதியாக இருந்தது. ஆகவே இரண்டு. குறுக்கு விசாரணையில் எவ்வளவு மடக்கினாலும் சாட்சி இரண்டு என்றுதான் கேட்டான். பிறகு சிறிது நேரம் கழித்து மறுபடி வந்தது, அது பறவையாக இருக்கலாம், அதற்குப் பிறகும் வந்தது, மாடு மேய்க்கிறவர்கள் சீழ்க்கையடிப்பார்கள். எத்தனை முறை வந்தது என்று எண்ணவில்லை, எண்ணுகிற நிலையில் உடம்பு இல்லை, உடம்பு இப்போதும் அந்த நிலையில் இல்லை, தொடை இரண்டும் மரக்கட்டை, கண்ணுக்குள் வெள்ளைப் பொடி பறக்கிறது, நினைவை விட்டுவிடு, லிங்க், லிங்க்கை மட்டும் வை, அது ஒன்றுதான் கடன், அதைத் தீர்த்தால் போதும். தார்ப்பாயின் நீலம் மரங்களுக்கிடையே ஒரு நொடி தெரிந்து மறைந்தது. கடைசி நானூறு மீட்டர் பாறைப் படிகள், எல்லோரும் இறங்கித் தள்ளும் இடம், அவர் இறங்கவில்லை, முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, பின்சக்கரத்தை இழுத்து, தொண்டையிலிருந்து விலங்கைப்போல ஒரு சத்தம் வர, அறுபது வயதில் செய்யக்கூடாததைச் செய்து, ஏறினார். இதைச் செய்ய முடிந்தவரால் அன்று ஒரு கையை நீட்டி ஒரு பையைத் திறக்க முடியவில்லை.

மேசைக் கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தேழு. தார்ப்பாய்க்கடியில் இரண்டு புதிய முகங்கள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தன. தேவசகாயம் நாற்காலியில், குட்டைக் காலை ஒரு பெட்டிமேல் வைத்து உட்கார்ந்திருந்தான், தலைமுடி நன்றாக நரைத்துவிட்டது. "வாங்க சார், வாங்க! இதோ வந்துட்டார் பாருங்க, இவரைத்தான் சொல்லிக்கினு இருந்தேன்," என்றான் அந்த இரண்டு பேரிடமும். "தன் வண்டியையே..." "தேவசகாயம்," என்றார் ஏகாம்பரம். "அப்புறம் பேசலாம் சார், மணி ஆவுது. விசிலைக் காட்டுங்க."

அவர் மார்புப் பையில் விரல்களை விட்டார், லிங்க்கை எடுத்துக் குறிப்பேட்டின் திறந்த பக்கத்தின் மேலேயே வைத்தார், ஊதாப் புள்ளி மேலே தெரியும்படி. தேவசகாயம் அதைப் பார்த்தான். கையில் எடுத்தான். இரும்பின் குணம் தெரிந்த விரல்களால் ஒருமுறை புரட்டினான். வாழைப்பழம் தின்றவர்கள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு, வரோம்ணா என்று இறக்கத்தில் மறைந்தார்கள்.

"இதுக்கு நாலு வருஷம் ஆச்சா சார் உங்களுக்கு?"

"உனக்கு... அன்னிக்கு என்கிட்ட இருந்துச்சுன்னு..."

"தெரியும் சார். நான் கீழ உட்கார்ந்துகினு இருந்தேன். உங்க செயின் என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு. ரெண்டாவது ரவுண்டுல போட்டுட்டேன்னீங்க. செயின் முழுக்கப் பார்த்தேன், எங்கயும் ஊதா இல்ல." கோபமில்லாமல், அளவு பார்த்துச் சொல்கிறவனைப்போல் சொன்னான். "நீங்க எழுத்து வேலை பார்த்தவரு. நான் அளவு பார்க்கறவன்."

"அப்புறம் ஏம்ப்பா அப்படி ஒரு கதையை..." மூச்சு வாங்கியது. "எல்லார்கிட்டயும்..."

"ஒன்றரை மணி நேரம் கல்லு மேல படுத்துக்கினு இருந்தேன். ஏதாச்சும் நினைச்சுக்கணும் இல்ல? நீங்க வண்டியைக் குடுத்த மாதிரி நினைச்சுக்கினேன். நல்லா இருந்துச்சு." லிங்க்கை அவர் பக்கமாக ஒரு விரலால் நகர்த்தினான். "அந்தக் கதையில வர்ற ஆளை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு சார். அவரோட சேர்ந்து ரெண்டு வருஷம் ஓட்டினேன்னு சொல்லிக்கிறேன். அவரை வந்து கெடுக்காதீங்க. எடுத்துப் பையில வைங்க."

ஏகாம்பரம் எடுக்கவில்லை. எதையோ சொல்ல வேண்டும், அதற்காகத்தான் எண்பது நிமிடம் சொற்களை அடுக்கினார், அடுக்கிய சொற்கள் எல்லாம் அறியாத ஒருவனுக்காக அடுக்கியவை.

"நான் கேட்டது விசில் சார்."

பின்பக்கம் போய், பையைத் திறந்து, ட்யூப்புக்கடியில் துழாவி, விசிலை எடுத்து வந்தார். மஞ்சள் புள்ளியைக் காட்டினார். தேவசகாயம் பேனாவின் மூடியைக் கழற்றினான். "போன வருஷம் பார்த்ததோட விட்டேன். இந்த வருஷம் ஊதிக் காட்டுங்க. வேலை செய்யுதான்னு எழுதணும்."

ஏகாம்பரம் விசிலை உதட்டில் வைத்தார். நெஞ்சில் காற்றே இல்லை. எங்கிருந்தோ திரட்டி ஊதினார், சத்தம் சரிவெங்கும் போய்ச் சாமை வயல்களின் மேல் விழுந்தது. அவன் எழுதவில்லை. மறுபடி ஊதினார். அவன் எழுதவில்லை. விசிலை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"மூணு சார்," என்றான் தேவசகாயம். "அன்னிக்கும் மூணுதான்."

கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தொன்பது. ஏகாம்பரம் விசிலைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார், வரவில்லை, மறுபடி இழுத்தார். தேவசகாயத்துக்கு அவசரமில்லை, பேனாவைக் காகிதத்துக்கு மேலே பிடித்தபடி, தலையைச் சற்றே சாய்த்து, தூரத்தில் எதையோ கேட்க முயல்கிறவனைப்போலக் காத்திருந்தான்.